ரென்னலின் வரைபடமும் 1792 உடன்படிக்கையும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில், சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திப்பு சுல்தான் தம் ஆட்சிப்பரப்பில் பாதியை இழந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி, நிசாம், மராத்தியர் ஆகியோர் அதனைப் பகிர்ந்துகொண்டனர். இப்பிரிவினைக்கு இணங்கத் தீபகற்பத்தைக் காட்டும் வரைபடத்திற்கு ஜேம்ஸ் ரென்னல் 1793இல் விளக்கநூல் வெளியிட்டார்.

நிலத்தை அளந்து இவ்வெல்லை வகுக்கப்படவில்லை. தாலுக்காக்களையும் அவற்றின் வருமானத்தையும் நிரல்படுத்திய பட்டியலே பிரிவினைக்கு அடிப்படையாயிற்று. பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனியிடம் சென்றன. கோயம்புத்தூர் மைசூரிடமே எஞ்சியது. ஒரே கொங்கு நாட்டின் மக்கள் 1799 வரை இருவேறு அரசுகளுக்கு வரி செலுத்தினர். பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடின் நில அளவை உடன்படிக்கைக்குப் பின்னரே நிகழ்ந்தது. ஆதலின் ரென்னலின் எல்லைக்கோட்டை வருவாய்க் கணக்குடன் ஒப்பிட்டே கொங்கு வரலாற்றாய்வில் பயன்படுத்தல் தகும்.