நிறைந்த நினைவகத்தில் எவ்வளவு மீளும்?

பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் போட்டுப் பழகும் முள்ளியவளைப் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன். 4 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு ‘ஃபிரீ’ கட்டளையைக் கொடுத்தால், வெறுமையான இடம் சில நூறு மெகாபைட் என்றே காட்டக்கூடும். பயப்பட வேண்டாம். மீதி நினைவகம் வீணாகவில்லை.

வன்தட்டிலிருந்து ஒருமுறை வாசித்த கோப்பை லினக்ஸ் கேர்னல் உடனே கைவிடாது. அதை 4 கிலோபைட் பக்கங்களாக நினைவகத்தில் வைத்திருக்கும். சுழலும் வன்தட்டில் ஒரு துண்டைத் தேடி எடுக்க மில்லிசெக்கன்கள் பிடிக்கும். நினைவகத்துக்கு நூறு நானோசெக்கன் அளவே போதும். இப்படி நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கங்களே கோப்புக் கேச். வேறு மென்பொருள் இடம் கேட்டால், நெடுநேரம் தொடாத பக்கங்களைக் கேர்னல் முதலில் விடுவிக்கும். குளத்து நீர்மட்டத்தை அளவுகோலில் பார்ப்பதுபோல் அது வெற்றிடத்தின் மட்டத்தைக் கவனிக்கிறது. கீழ்க்குறிக்கு இறங்கினால் ‘கேஸ்வாப்டி’ என்ற கேர்னல் பணி விழித்து, மேற்குறி வரும்வரை பக்கங்களை மீட்கும்.

ஆனால் எவ்வளவு மீளும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். திருத்தி இன்னும் தட்டில் எழுதாத பக்கத்தை, எழுதிய பிறகே விடலாம். நினைவகத்திலேயே வாழும் ‘டிஎம்பிஎஃப்எஸ்’ கோப்புகளுக்குத் தட்டில் பிரதியே இல்லை; ஆனாலும் அவை கேச் கணக்கில் சேர்கின்றன. கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கும் ‘டென்ட்ரி’ பதிவுகள் இன்னும் சிக்கலானவை. ஒரு பதிவு வழமையாக 192 பைட். ஒரு பக்கத்தில் 21 பதிவுகள் அடங்கும். அவற்றில் 20 தேவையற்றுப் போனாலும், ஒன்று பாவனையில் இருந்தால் முழுப் பக்கமும் மாட்டிக்கொள்ளும். கேர்னலோ அந்தப் பக்கத்தை ‘மீளக்கூடியது’ என்றே எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கை உறுதிமொழி அல்ல, மதிப்பீடு மட்டுமே.

முன்பு பலர் வெற்றிடத்தையும் கேச்சையும் கூட்டி விடை கண்டார்கள். அது பிழை. 2014இல் வந்த கேர்னலின் 3.14 பதிப்பில், ரிக் வான் ரீல் எழுதிய ‘மெம் அவெய்லபிள்’ என்ற கணக்குச் சேர்ந்தது. கோப்புக் கேச்சில் பாதியையோ கீழ்க்குறி அளவையோ, எது குறைவோ அதைக் கழித்துவிட்டே மிச்சத்தை வெற்றிடத்தோடு சேர்க்கும். டென்ட்ரி போன்றவற்றுக்கும் அதே எச்சரிக்கைதான். எனக்கு இந்த அடக்கமான கணக்கு மிகவும் பிடிக்கும்.

ஆகவே பிள்ளைகளே, ‘ஃபிரீ’ காட்டும் அட்டவணையில் ‘அவெய்லபிள்’ நிரலைப் பாருங்கள். வேகம் கூடும் என்று நம்பிக் கேச்சை அடிக்கடி காலியாக்காதீர்கள். அடுத்தமுறை அதே கோப்பை வன்தட்டிலிருந்தே வாசிக்க வேண்டிவரும்.