விமானப் பயணமும் பக்கத்து இருக்கையும்



கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் புறப்படும் நம் மக்கள் தனியாகப் போவது குறைவு. பாட்டி, தாய் தந்தை, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதுதான் வழக்கம். பாட்டிக்குச் சமயபுரத்திலோ பழனியிலோ ஒரு நேர்த்திக்கடன் இருக்கும். தாய்க்குக் கல்யாணப் பட்டு எடுக்கும் வேலை இருக்கும். பிள்ளைகளுக்குப் பூர்வீக ஊரைக் காட்ட வேண்டும் என்று தந்தைக்கு ஓர் ஆசை இருக்கும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே சபாக் பெர்ணம் வரையில் தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வந்த வீடமைப்புகளிலும் வாழும் குடும்பங்கள், இப்படி ஒரு பயணத்துக்காக ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கின்றன.

மலிவான பயணச்சீட்டும் கிடைத்துவிடுகிறது. ஆனால் சிப்பாங் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கைக்கு வந்த பிறகுதான், ஆறு வயதுப் பிள்ளைக்கு 7-ஆம் வரிசையும் தாய்க்கு 22-ஆம் வரிசையும் விழுந்திருப்பது தெரிகிறது. பணம் கட்டித்தானே சீட்டு வாங்கினோம், பிறகு ஏன் இப்படிப் பிரித்துப் போட்டார்கள் என்று மனம் வருந்துகிறோம். இது ஏன் நேர்கிறது, குறைந்த செலவில் இதை எப்படித் தவிர்க்கலாம் என்பதை இன்று பார்ப்போம்.

நம் முன்னோர் கப்பலில் வந்தார்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பல், சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே 1973 வரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் 1985 வரையில் ஓடியது. மேல்தட்டுப் பயணிகளுக்கு இருக்கை என்று ஒன்று இல்லை. விரித்த பாய்தான் குடும்பத்தின் இடம். வசதி குறைவுதான், வெயிலும் உப்புக்காற்றும் வாந்தியும் உண்டு. எனினும், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க அங்கே ஓர் எண் இருக்கவில்லை. விமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஒரு விலையும் வந்துவிட்டது.

முன்னாளில் விமானக் கட்டணம் என்றால் அது ஒரே தொகை. பெட்டி, உணவு, இருக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் வந்தபோது இந்தத் தொகையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். பெட்டி வேண்டாதவர் பெட்டிக்குக் கட்ட வேண்டாம்; உணவு வேண்டாதவர் உணவுக்குக் கட்ட வேண்டாம். இதில் நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. ஏர் ஏசியா 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கிய பிறகு, முன்பு விமானத்தை நினைத்தும் பார்க்காத எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குப் போய்வந்தன. அந்நாளில் அந்நிறுவனத்தின் விமானங்களில் இருக்கை எண்ணே கிடையாது. முந்தி ஏறியவர் விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார். 2009-இல் இருக்கை எண் வந்தது. விரும்பிய இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணமும் வந்தது.

ஆகவே நாம் முதலில் தெளிவு பெற வேண்டியது இது: மலிவுச் சீட்டு வாங்கும்போது, நம்மை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே பணம் கட்டுகிறோம். இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் என்பது அந்த விலையில் சேராமல் இருக்கலாம்.

பணம் கட்டாதவருக்கும் ஓர் இருக்கை நிச்சயம் உண்டு. அதைக் கணினி ஒதுக்குகிறது. 180 பேர் அமரும் ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். நடுவே ஒரு நடைபாதை. இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். இடப்புறம் ஏ, பி, சி; வலப்புறம் டி, இ, எஃப். சன்னலோரமான ஏயும் எஃப்பும், நடைபாதையோரமான சியும் டியும் விரைவில் விலைபோகும். யாரும் விரும்பாத நடு இருக்கைகளே எஞ்சி நிற்கும். ஒரு வரிசையில் ஒரு பக்கத்துக்கு ஒரு நடு இருக்கைதான் இருக்கிறது. அப்படியானால், எஞ்சியவற்றை ஆறு பேருக்குப் பங்கிட்டால் அவர்கள் ஆறு இடங்களில் சிதறுவதில் வியப்பில்லை. பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல் போன்ற காலங்களில், விமானம் நிறைய நிறைய இந்தச் சிதறலும் கூடும்.

நான்கு மணி நேரப் பயணந்தானே, தனித்தனியே உட்கார்ந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை, சிறுவர்களுக்கு உண்டு. விமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், தலைக்கு மேலிருந்து பிராணவாயு முகமூடிகள் விழும். அந்த உயரத்தில் பிராணவாயு இல்லாமல் ஒருவர் தெளிந்த அறிவோடு செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். முதலில் நீங்கள் அணிந்துகொண்டு, பிறகு பிள்ளைக்கு அணிவியுங்கள் என்று பணிப்பெண் ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான். பிள்ளை பதினைந்து வரிசைக்கு அப்பால் இருந்தால் அந்தத் தாய் யாருக்கு அணிவிப்பாள்?

மற்றொன்றும் உண்டு. 44 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணிகள் விமானத்தின் புதிய வகை ஒன்றுக்குச் சான்று வழங்குமுன், வாசல்களில் பாதியை மட்டும் திறந்து, நிறைந்த விமானத்திலிருந்து அனைவரும் 90 வினாடிகளில் வெளியேற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் தாய் ஒருத்தி தன் பிள்ளையைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்தால், அந்த 90 வினாடிக் கணக்கு அவளுக்கு மட்டுமல்ல, பின்னால் வருவோர் அனைவருக்கும் தவறிப்போகும். ஆகவே பிள்ளையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் அமர்வது சொகுசு அன்று, அது பாதுகாப்பு.

இதைச் சில நாடுகள் சட்டத்திலேயே எழுதிவிட்டன. கனடாவில் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோரை அடுத்த இருக்கையையே தரவேண்டும். 5 முதல் 11 வயது வரை உள்ளவர் அதே வரிசையில், இடையில் ஓர் இருக்கைக்கு மேல் இல்லாதபடி அமரவேண்டும். 12, 13 வயதினர் ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கலாகாது. இதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் பொது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில், 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, அதே பதிவு எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலாவது இடம் ஒதுக்க வேண்டும் என்று அந்நாட்டு விமான நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. நாம் தமிழ்நாட்டுக்குப் போவது இந்திய நிறுவனத்தின் விமானத்திலா, மலேசிய நிறுவனத்தின் விமானத்திலா என்பதைக் கவனிக்க வேண்டிய காரணம் இதில் இருக்கிறது.

நம் நாட்டில், மெவ்கோம் எனப்பட்ட மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் 2016-இல் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அந்த ஆணையத்தின் பணிகளை 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து பொது விமானப் போக்குவரத்து அதிகாரத் தரப்பு ஏற்று நடத்துகிறது. விதித்தொகுப்பில் நமக்கு இங்கே பயன்படும் கூறுகள் மூன்று. விலையைக் காட்டும்போது எல்லாக் கட்டணமும் சேர்ந்த இறுதித் தொகையைக் காட்ட வேண்டும். நாம் கேட்காத சேவையைத் தாமே சேர்த்து வைத்து, வேண்டாமென்றால் நீக்கிக்கொள் என்று சொல்லக் கூடாது. புகார் செய்தால் 30 நாள்களுக்குள் விமான நிறுவனம் தீர்வு காணவேண்டும். தீர்வு நிறைவளிக்காவிட்டால் அதிகாரத் தரப்பிடம் போகலாம். எனவே இருக்கைக் கட்டணம் நம் விருப்பத்தின்பாற்பட்டது. பணம் செலுத்துமுன் திரையில் காணும் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசிப்பது நம் கடமை. முகவரிடம் சீட்டு எடுப்பவர்கள், "இருக்கைக்குப் பணம் சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் எந்த எண்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, நமக்கென்றே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். மேல்நாட்டாருக்குக் குடும்பப் பெயர் உண்டு. தாய், தந்தை, பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் ஒரே சொல்லில் முடியும். நமக்கு அப்படி இல்லை. கடப்பிதழில் 'ஆனாக் லெலாக்கி', 'ஆனாக் பெரெம்புவான்' என்று மகன் அல்லது மகள் எனக் குறித்து, அதன்பின் தந்தை பெயர் வரும். பாட்டியின் பெயருக்குப் பின் அவர் தந்தை பெயர். அப்பாவுக்குத் தாத்தாவின் பெயர். அம்மாவுக்கு அவரைப் பெற்றவர் பெயர். பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர். ஒரு வீட்டில் நான்கு தந்தை பெயர்கள் வந்துவிடுகின்றன. பெயரைப் பார்த்து இவர்கள் ஒரே குடும்பம் என்று கணினியும் அறியாது, முகப்பில் இருக்கும் ஊழியரும் அறியார். நம்மை இணைக்கும் கயிறு ஒன்றே ஒன்றுதான்: பதிவு எண்.

ஆகையால், மலிவு விலை போய்விடுமே என்று அண்ணன் ஒரு கைத்தொலைபேசியிலும் தம்பி ஒரு கைத்தொலைபேசியிலும் தனித்தனியே சீட்டு எடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குறைந்தது, ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் அல்லது தந்தையின் பதிவு எண்ணுக்குள் இருக்க வேண்டும். பிறந்த தேதியைச் சரியாகக் குறிக்க வேண்டும். பிள்ளை என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குரிய கவனம் கிடைக்கும். இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் அமர்வதால் அதற்கு இருக்கை எண் இல்லை. ஆனால் கூடுதல் பிராணவாயு முகமூடி வேண்டியிருப்பதால், பொதுவாக மூன்று இருக்கைகள் கொண்ட ஒரு பகுதியில் ஒரு மடிக்குழந்தைக்குத்தான் இடம் தருவார்கள்.

அடுத்தது பணக் கணக்கு. பாட்டி, தந்தை, தாய், பதினெட்டு வயது மகன், ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன் என்று ஆறு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இருக்கைக்கு 20 வெள்ளி என்று கணக்குக்காகக் கொள்வோம். ஆறு பேருக்கும், போக ஒருமுறை வர ஒருமுறை என்றால் 240 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளிக்குச் சற்று அதிகம். அந்த 240 வெள்ளி, செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் மூன்றரை நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. இதை இலேசாக எண்ணிவிட முடியாது.

ஆனால் ஆறு பேரும் ஒன்றாக அமர வேண்டும் என்பது இல்லை. தனியே விடக்கூடாதவர் தனியே அமரக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் அப்படிப்பட்டவர் மூவர்: இரண்டு சிறுவர்களும், தமிழ் தவிர வேறு மொழி அறியாத, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் பாட்டியும். ஒரே வரிசையில் நான்கு இருக்கைகளை மட்டும் தேர்ந்தெடுப்போம். சன்னலோரம் ஏயில் ஒன்பது வயது மகள். பியில் ஆறு வயது மகன். நடைபாதையோரம் சியில் தாய். நடைபாதைக்கு அப்பால் டியில் பாட்டி. தாயின் இடக்கைப் பக்கம் சின்னவன். அவனுக்கு அடுத்துப் பெரியவள், கனடா விதி சொல்லும் எல்லைக்குள்ளேயே. வலக்கைப் பக்கம் மாமியார். சூடான பானங்கள் தள்ளிக்கொண்டு வரும் நடைபாதையோரத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. தந்தையும் மூத்த மகனும் கணினி கொடுத்த இடத்தில் அமரட்டும். செலவு 160 வெள்ளி. மிச்சம் 80 வெள்ளி. முன்வரிசைகளும் கால்நீட்ட இடமுள்ள வரிசைகளும் விலை கூடியவை, பின்வரிசை போதும். அவசர வாசல் வரிசையைப் பிள்ளைகளுக்கோ பாட்டிக்கோ எடுக்க வேண்டாம். அங்கே அவர்களை அமர விடமாட்டார்கள்.

கட்டணம் கட்ட இயலாதவர், பயணப் பதிவு தொடங்கியதும் அதை முடித்து, பிரிந்திருப்பது தெரிந்தால் உடனே நிறுவனத்தைக் கேட்க வேண்டும். விமான நிலையத்திலும் முகப்பில் முன்னதாகவே போய், "இந்தப் பிள்ளைக்கு ஆறு வயது, தாய்க்குப் பக்கத்தில் இடம் வேண்டும்" என்று வயதைச் சொல்லிக் கேட்பது நல்லது. விமானத்துக்குள் ஏறிய பின் கேட்டால் மற்றவரின் தயவைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அவரும் தம் இருக்கைக்குப் பணம் கட்டியிருக்கலாம். எழுந்துகொள்ளும் கடமை அவருக்கு இல்லை. சன்னலோரத்தை வாங்கிக்கொண்டு நடு இருக்கையைக் கொடுப்பது நியாயமாகாது. நம்மிடமுள்ள நல்ல இடத்தைக் கொடுத்து, பணிப்பெண்ணின் வழியாகக் கேட்டால் பெரும்பாலோர் இசைவார்கள்.

பிள்ளைக்குப் பக்கத்தில் பெற்றோர் அமர்வதற்கு ஒரு விலை இருக்கலாமா என்ற கேள்வியைச் சட்டம் இயற்றுவோர் முன் வைக்கும் உரிமை பயனீட்டாளராகிய நமக்கு உண்டு. கனடாவும் இந்தியாவும் இருக்கலாகாது என்று விடை சொல்லிவிட்டன. ஆனால் அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் குடும்பம் அதுவரை காத்திருக்க முடியாது. ஒரே பதிவு எண், சரியான வயது, வேண்டிய இருக்கை மட்டும் என்ற மூன்றையும் சீட்டு எடுக்கும் அன்றே பார்த்துக்கொண்டால், ஆறு வயதுப் பிள்ளை கைநீட்டும் தூரத்தில் தாய் இருப்பாள்.