சுழல்மேசையும் சுற்றுக் கணக்கும்

மைசூரிலிருந்து பெங்களூருக்கு இரயிலில் செல்வோர் வழியில் சன்னபட்டணம் நிலையத்தைக் காண்பர். அவ்வூர்க் கைவினைஞர் மரத்துண்டைக் கடைசல் பொறியில் பூட்டிச் சுழலவிட்டு, உளியால் உருவம் கொடுத்து, சுழலும் மரத்தின் மீதே வண்ண அரக்கை அழுத்தி மெருகேற்றுவர். மரம் ஓயாது சுழல்வதால் உருண்டை வடிவம் எளிதில் அமையும். ஆயின் அதே உருளையைச் சுற்றிப் பல்லோ இதழோ சம இடைவெளியில் வெட்ட வேண்டுமெனில், மரம் அளவோடு திரும்பி, அளவோடு நிற்க வேண்டும்.

எண்கட்டளைகளால் இயங்கும் வெட்டுப் பொறியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952இல் இயக்கிக் காட்டினர். அன்று அறை முழுதும் அடைத்துக்கொண்ட அவ்வித்தை, இன்று சி.என்.சி. என்னும் பெயரில் வீட்டு மேசைமேல் வந்து அமர்ந்திருக்கிறது. இச்சிறு யந்திரங்களில் கருவி மூன்று திசைகளில் மட்டுமே செல்லும். நான்காவது அசைவைத் தருவது மோட்டார் பூட்டிய சுழல்மேசை. பிள்ளைகள் இதனை விரும்பிக் கேட்டால், பெற்றோர் விலையை விசாரிக்குமுன் அதன் கணக்கைக் கேட்டறிதல் நலம்.

படிப்படியாய் நகரும் மோட்டார் ஒன்று, ஒரு சுற்றுக்கு 200 படிகள் எடுப்பதாகக் கொள்வோம். மேசையினுள் 90க்கு 1 என்ற விகிதத்தில் திருகுப்பல் சக்கரம் உளது. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் மேசை 4 பாகை திரும்பும். மேசை முழுச்சுற்று வர 18,000 படிகள் வேண்டும். 30 பல் கொண்ட பொம்மைச் சக்கரத்துக்குப் பல்லுக்கு 600 படிகள். கணக்கு நேராக வந்தது. ஏழு இதழ் மலருக்கோ 2,571 படிகள் போக மிச்சம் விழும். மிச்சத்தை விட்டுவிட்டு ஒவ்வோர் இதழாகக் கூட்டிச் சென்றால், ஏழாவது முடிவில் மூன்று படிகள் குறையும். எனவே ஒவ்வோர் இதழையும் முதற்புள்ளியிலிருந்தே அளத்தல் வேண்டும்.

இனிக் காவல். திருகுக்கும் சக்கரத்துக்கும் இடையே சிறு தளர்ச்சி உண்டு. ஆதலின் மேசையை எப்போதும் ஒரே பக்கமாகச் சுழற்றியே இடத்துக்குக் கொணர்க. வெட்டும்போது மேசையைப் பூட்டுக. திருப்புமுன் பூட்டைத் திறக்க மறவற்க. மறந்தால் மோட்டார் முனகி நின்றுவிடும். கணினியோ அது திரும்பியதாகவே எண்ணி மேலே செல்லும். மின்சாரம் ஓடுகையில் மோட்டாரின் கம்பியைக் கழற்றற்க. இயக்கும் சுற்று எரிந்துபோகக்கூடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிதலும், தொங்கும் ஆடையைத் தவிர்த்தலும் இன்றியமையாதன.

சன்னபட்டணத்துக் கைவினைஞர் பிழை நேர்ந்தால் கண்ணால் கண்டு கையை நிறுத்துவர். இச்சிறு மோட்டாருக்குப் பெரும்பாலும் கண் இல்லை. இட்ட படியை எண்ண மட்டுமே தெரியும். அதற்குக் கண்ணாய் இருக்க வேண்டியவர் இயக்குபவரே. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நாம். நிலபுலனைக் கையோடு கொண்டுவர இயலவில்லை. கணக்கறிந்து செய்யும் கைத்தொழிலை நம் மக்கள் எவ்வூருக்கும் கொண்டுசெல்வர். அதற்கு இச்சிறு மேசை நல்ல பாடசாலையாகும்.