காத்திருக்கக் கற்ற காவலர்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவருள் பத்துப் பேர் தவறு செய்தால் அதைத் திருத்த வேறொருவர் பின்னால் நிற்பார். கோல் காப்பாளருக்குப் பின்னாலோ வலை ஒன்றே இருக்கிறது. அவர் தொண்ணூறு நிமிடங்கள் அரும்பாடுபட்டுத் தடுத்தாலும், கை நழுவிய ஒரு பந்துதான் மறுநாள் செய்தித்தாளில் இடம்பெறும். இத்தகைய பொறுப்பைக் கால் நூற்றாண்டுக் காலம் சுமந்த ஜப்பானியர் ஒருவரின் வரலாற்றை இங்கு நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அவர் பெயர் யோஷிக்காட்சு காவாகுச்சி.

மையாமியில் ஒரு மாலை

1975 ஆகஸ்ட் 15 அன்று, ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்திலுள்ள ஃபூஜி நகரில் பிறந்தார் காவாகுச்சி. கால்பந்தில் பெயர்பெற்ற ஷிமிசு வணிக உயர்நிலைப் பள்ளியில் பயின்று, தேசியப் பள்ளிச் சாம்பியன் பட்டம் பெற்ற அணியில் விளையாடினார். 1994-இல் யோகொஹாமா மரினோஸ் அணியில் சேர்ந்தார். மறு ஆண்டே அவ்வணி ஜப்பானிய லீக் பட்டத்தை வென்றது. சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் உயரம் ஏறத்தாழ 180 செ.மீ. மட்டுமே. கோல் காப்பாளருக்கு இது குறைவு. அக்குறையை வேகத்தாலும் துணிவாலும் ஈடுசெய்தார்.

1996 ஜூலையில் அமெரிக்காவில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. மையாமி நகரில் ஜப்பான் எதிர்கொண்டது பிரேசிலை! ரொனால்டோ, பெபெட்டோ, ரிவால்டோ, ரொபர்ட்டோ கார்லோஸ் என உலகப் புகழ் வீரர்கள் அவ்வணியில் இருந்தனர். பிரேசில் 28 முறை பந்தைக் கோலை நோக்கி உதைத்தது; ஜப்பான் உதைத்தது நான்கே முறை. ஆயினும் 1-0 என்று வென்றது ஜப்பான். இருபதே வயதான காவாகுச்சி ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. ‘மையாமி அற்புதம்’ என்று ஜப்பானியர் அதனை இன்றும் நினைவுகூர்கின்றனர். 1998-இல் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பையில் கால்பதித்தபோது, மூன்று ஆட்டங்களிலும் காவல் நின்றவர் இவரே.

இறங்குமுகம்

புகழின் உச்சியிலிருந்து கீழிறங்கும் பாதை குறுகியது. 2001-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அணி பெருந்தொகை கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. ஆனால் 2002 ஜனவரியில், தம்மினும் கீழ்நிலை அணியான லேய்ட்டன் ஓரியன்ட்டிடம் 1-4 என அவ்வணி தோற்றது. காவாகுச்சி ஒதுக்கப்பட்டார். அவர் இடத்தில் நின்றவர் 42 வயதான டேவ் பெசன்ட்! அவ்வாண்டே உலகக் கோப்பை அவரது தாய்நாட்டில் நடைபெற்றது. அங்கும் நராசாகி களத்தில் நிற்க, காவாகுச்சி மாற்று வீரர் இருக்கையில் அமர்ந்திருந்தார். டென்மார்க்கிலும் சிறிது காலம் விளையாடிய பின் நாடு திரும்பினார்.

மனமுடைந்து விலகியிருக்கலாம். அவர் விலகவில்லை. 2004 ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஜோர்டானுக்கு எதிரான ஆட்டம் 1-1 என முடிந்து, பெனால்டி உதைகளுக்குச் சென்றது. ஜப்பானின் முதல் இருவரும் கால் சறுக்கித் தவறவிட்டனர். தரை சரியில்லை என அணித்தலைவர் மியாமொட்டோ முறையிட, நடுவர் மறுபுறக் கோலுக்கு மாற்றினார். பின்னரும் தோல்வி வாசலில் நின்றது. அப்போதுதான் காவாகுச்சி எதிரணியின் உதைகளைத் தடுத்து நின்றார். ஜப்பான் 4-3 என வென்றது. பீக்கிங்கில் நடந்த இறுதியாட்டத்தில் சீனாவை 3-1 என வீழ்த்திக் கோப்பையையும் பெற்றது.

2006 உலகக் கோப்பை மற்றொரு சோதனை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 84-ஆம் நிமிடம் வரை ஜப்பான் முன்னிலையில் இருந்தது. ஒரு நீண்ட எறிபந்தைப் பிடிக்க முன்னே பாய்ந்த காவாகுச்சிக்குப் பந்து எட்டவில்லை. கோல் விழுந்தது, மேலும் இரண்டு தொடர்ந்தன. ஆறே நாளில் குரோவேஷியாவின் ஸ்ர்னா உதைத்த பெனால்டியைப் பாய்ந்து தடுத்து, ஆட்டத்தைச் சமநிலையில் காத்தவரும் அவரே! நேற்றைய தவறை இன்றைய கடமைக்குள் இழுத்து வராத மனத்திண்மை இது.

ஆடாத தலைவர்

எனினும், அவர் வாழ்வில் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது 2010-ஆம் ஆண்டு. முந்தைய செப்டம்பரில் கால் எலும்பு முறிந்து, பல மாதங்கள் களத்துக்கு வெளியே இருந்தார். அப்படிப்பட்டவரைத் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்கு மூன்றாவது கோல் காப்பாளராகப் பயிற்சியாளர் ஒக்காடா தேர்ந்தெடுத்து, குழுவின் தலைவராகவும் நியமித்தார். களத்தில் இறங்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்பது யாவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அணியோ தொடர் தோல்விகளால் சோர்ந்திருந்தது. சுவிட்சர்லாந்து முகாமில் வீரர்கள் மட்டும் கூடி மனம்விட்டுப் பேச அவர் வழிசெய்தார். மூத்தவரும் இளையவரும் கருத்துகளைக் கொட்டினர். பின்னர் ஜப்பான் கேமரூனையும் டென்மார்க்கையும் வென்று அடுத்த சுற்றை எட்டியது. பராகுவேயிடம் பெனால்டி உதைகளில்தான் தோற்றது. கோலைக் காத்தவர் இளையவரான கவாஷிமா. காவாகுச்சி ஒரு நிமிடமும் ஆடவில்லை. நான்கு உலகக் கோப்பைக் குழுக்களில் இடம்பெற்ற அவர், இரண்டில் ஆடினார், இரண்டில் அமர்ந்திருந்தார்.

நாட்டுக்காக 116 ஆட்டங்கள் ஆடியவர், பிற்காலத்தில் மூன்றாம் பிரிவு அணியான சாகமிஹாராவிலும் அதே முனைப்போடு உழைத்து, 2018-இல் 43-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அதன்பின் இளங்காவலர்களைப் பயிற்றுவிக்கும் பணியை ஏற்றார்.

நம் இல்லங்களிலும் முன்வரிசையில் நிற்போர் உண்டு. பின்வரிசையில் காத்திருப்போரும் உண்டு. பரிசு பெற்ற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் நாம், தேர்ந்தெடுக்கப்படாமல் வந்து மூலையில் அமரும் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? பெற்றோர் சற்றே சிந்திக்க வேண்டும். தன் இடத்தில் நிற்கும் தம்பிக்காக மனமாரக் கைதட்டுவதும் ஒரு வெற்றிதான். அது கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. ஆனால் அதுவின்றி எந்த அணியும் நிற்பதில்லை, எந்தக் குடும்பமும் நிலைப்பதில்லை.