'பாகோ பாகோ' ஓவியங்கள்: இது செடியா, கோபுரமா?

ஓவியக் கண்காட்சிக்குப் போகிறீர்கள். சிவப்பும் காவியும் பச்சையுமாக ஏதோ ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. செடி மாதிரியும் இருக்கு, கட்டடம் மாதிரியும் இருக்கு. "ஒண்ணுமே புரியலையே!" என்று அடுத்த படத்துக்கு நகர்கிறீர்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். மலேசிய ஓவியர் லத்திஃப் மொஹிதினின் 'பாகோ பாகோ' ஓவியங்களில் அந்தக் குழப்பம்தான் விஷயமே!

யார் இவர்?

நெகிரி செம்பிலானில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூரில் படித்தவர். கவிஞரும்கூட. 1960களின் தொடக்கத்தில் ஓவியம் பயில பெர்லின் சென்றார். ஐரோப்பிய பாணியைக் கற்றாலும் நம் வட்டாரத்தின் வடிவங்கள் அவரை விடவில்லை. ஊர் திரும்பியபின் தென்கிழக்காசிய நாடுகளைச் சுற்றிவந்து வரைந்தார்.

அது என்ன 'பாகோ பாகோ'?

சொல்லிப் பாருங்கள், 'பகோடா' காதில் விழும். சாப்பிடுற பக்கோடா இல்லைங்க! பௌத்த ஆலயங்களின் அடுக்குக் கோபுரம்.

செடியும் கோபுரமும் எப்படிச் சேர்ந்தன?

மூங்கில் குருத்தை நினைத்துப் பாருங்கள். அடி அகலம், நுனி கூர்மை, நடுவில் மடல்மேல் மடல். பகோடாவும் அதேபோலத்தான் அடுக்கடுக்காக உயர்ந்து கூராக முடிகிறது. மலாய் சொங்கெட் துணியில் வரும் முக்கோண வடிவமும் மூங்கில் குருத்திலிருந்து பிறந்ததே. ஒன்று மண்ணில் முளைப்பது, ஒன்று மனிதன் கட்டுவது, ஒன்று நெய்வது. மூன்றுக்கும் ஒரே சாயல். லத்திஃப் அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டார். தடித்த கோடுகளுக்குள் செடியையும் கட்டடத்தையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தார்.

இதில் நமக்கு என்ன?

இயற்கை ஒரு பக்கம், மனிதன் மறுபக்கம் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். காட்டை அழித்தால் காட்டுக்குத்தான் நஷ்டம் என்பதுபோல. ஆனால் நாம் கட்டியதும் நெய்ததும் அந்தக் காட்டைப் பார்த்துக் கற்றவை. குருத்து அழிந்தால் அதோடு நம் கற்பனையின் ஒரு பகுதியும் போய்விடும். இந்த ஓவியங்கள் அதைத்தான் நினைவூட்டுகின்றன.

2018இல் பாரிசின் பொம்பிடு நிலையமும் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடமும் இணைந்து இவற்றைப் பாரிசில் காட்சிக்கு வைத்தன. லத்திஃபின் பிந்திய வரிசைகளின் பெயர்களிலும் இயற்கை தொடர்கிறது: 'கெலொம்பாங்' என்றால் அலை, 'ரிம்பா' என்றால் காடு.

எப்படிப் பார்ப்பது?

அடுத்தமுறை அரூப ஓவியத்தின் முன் நிற்கும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "எது எதுவாக மாறுது?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. இன்னும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.