சென்னை டூ சிங்கப்பூர்: போக 7 மணி நேரம், திரும்பி வர 2 மணி நேரம்தானா?

சிங்கப்பூருக்கு டிக்கெட் தேடியவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். உதாரணத்துக்கு, சென்னையில் இரவு 11.30-க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 6.20-க்கு இறங்கும் என்று போட்டிருக்கும். கிட்டத்தட்ட 7 மணி நேரம்! திரும்பும்போது, அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 9.40-க்கே வந்துவிடலாம். ‘அட, ரெண்டு மணி நேரம்கூட ஆகலையே!’ என்று தோன்றும்.

உண்மையில் போகவும் வரவும் ஆவது ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்தான். மீதியெல்லாம் கடிகாரம் செய்யும் வேலை.

தூரம் எவ்வளவு?

வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாமே? ஆனால், டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும்வரை எல்லாமே அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்காகக் காத்திருப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

கடிகாரம் ஏன் குழப்புகிறது?

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கணக்கு. அதனால் போகும்போது இரண்டரை மணி நேரம் கூடுகிறது, வரும்போது குறைகிறது.

இதில் இன்னொரு சுவாரஸ்யம். சூரியனை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு இருக்கவே கூடாது. 1982 ஜனவரி 1-ல் மலேசியாவைப் பின்பற்றி சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதனால்தான் அங்கே சூரியன் உதிக்க காலை 7 மணி ஆகிவிடுகிறது. 6.20-க்கு இறங்கினால் வெளியே இருட்டாகத்தான் இருக்கும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

நள்ளிரவு விமானம்: ‘ஜூன் 15, 00.30’ என்று இருந்தால், 14-ம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15-ம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

வருகை அட்டை: சிங்கப்பூரின் டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். 14-ம் தேதி இரவு ஏறி 15-ம் தேதி காலை இறங்குபவருக்கு, 13-ம் தேதியிலிருந்துதான் நிரப்ப முடியும். இது இலவசம், காசு கேட்கும் இணையதளம் என்றால் உஷார்.

காலை மீட்டிங்: 6.20-க்கு இறங்கும்போது உங்கள் உடம்புக்கு மணி விடிகாலை 3.50. அங்கே 9 மணி மீட்டிங் என்றால் நம்மூர்க் கணக்கில் காலை 6.30. இன்டர்வியூ மாதிரி முக்கியமான வேலை என்றால் முந்தின நாளே போய்ச் சேர்வது நல்லது.

சுருக்கமாக: போகும் டிக்கெட்டில் தெரியும் இடைவெளியில் இரண்டரை மணி நேரத்தைக் கழியுங்கள், வரும் டிக்கெட்டில் கூட்டுங்கள். கிடைப்பதுதான் நிஜமான பயண நேரம்.