பெயர் ஒன்று, பிரதி வேறு

உடுப்பிட்டி, சிவசம்புப் புலவரை ஈன்ற ஊர். அப்புலவர் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நூல்கள் பல ஏட்டுச் சுவடிகளாகவே வழங்கின. ஏடெழுதுவோர் ஓரடியை விட்டுவிடுதலும் ஓரெழுத்தை மாற்றிவிடுதலும் இயல்பே. இதனை அறிந்த முன்னோர், 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம் என அளவிட்டனர். ஒரு நூல் எத்தனை கிரந்தம் என்று எண்ணிக் குறிக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பிரதியின் தொகை குறையுமாயின், ஏதோ விடுபட்டது என்பது வெளிப்படை.

இன்று அவ்வூர் மாணவன் ஒருவன் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிப் பாடசாலைக் கணினிகள் அனைத்திலும் பதிகின்றான் என்று கொள்வோம். அவனுக்கும் இரண்டு வினாக்கள் உண்டு. இது எந்தப் பதிப்பு? வெளியிட்டவர் தந்தவாறே வந்துள்ளதா? முன்னதற்கு விடை பதிப்பு எண். பின்னதற்கு விடை சரிபார்ப்புத் தொகை.

பதிப்பு எண்ணின் அருமை, ஒரு வெளியீடு திருத்தப்பட்டு மீண்டும் வரும்போதே புலனாகும். உபுண்டு என்னும் இயங்குதளத்தின் 17.10ஆம் பதிப்பு 2017 அக்டோபரில் வெளிவந்தது. அது சில மடிக்கணினிகளின் அடிப்படை அமைப்பையே பழுதாக்கியமையால், டிசம்பரில் அதன் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டது. குறை நீக்கிய பிரதி 2018 ஜனவரி 12இல் 17.10.1 என்னும் புதிய எண்ணுடன் வந்தது. பழைய பிரதியை வைத்திருந்தவர் எண்ணைக் கண்டே அதனை விலக்கலாம். விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்போ வேறு வழியிற் சென்றது. 2018 அக்டோபர் 2இல் வந்த அது, சிலருடைய கோப்புகளை அழித்தமையால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. நவம்பர் 13இல் 1809 என்ற அதே பெயருடன் மீண்டும் வந்தது. பெயரை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே.

பெயர் காட்டாத வேற்றுமையைச் சரிபார்ப்புத் தொகை காட்டும். "மழை" என்பது "மலை" என மாறினும் எழுத்து இரண்டே. கிரந்தக் கணக்கு அப்பிழையை அறியாது. இக்காலக் கணிதமுறை, கோப்பிலுள்ள ஒவ்வொரு குறியையும் அது நிற்கும் இடத்தோடு சேர்த்துக் கலந்து கணிக்கின்றது. எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறையில், கோப்பு எத்துணைப் பெரிதாயினும், விடை 64 குறிகளாகவே எழுதப்படும். ஓரெழுத்து மாறினும் அவ்விடை முழுதும் வேறாகிவிடும். இதனைக் கணிக்கும் கட்டளை விண்டோசிலும் லினக்சிலும் உடனுள்ளது. கிடைத்த விடையை வெளியீட்டாளர் அறிவித்த தொகையோடு ஒப்பிடுதலே வேலை.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துள் புகுந்த தீயோர், அதன் இணைப்பை மாற்றிக் கள்ளப் பிரதியொன்றைப் பலர் இறக்குமாறு செய்தனர். கோப்பை மாற்ற வல்லவன் பக்கத்திலுள்ள தொகையையும் மாற்ற வல்லவன் அல்லனோ? ஆதலின் தொகையை வேறொரு நம்பத்தக்க இடத்திலிருந்து பெறுதல் வேண்டும். வெளியீட்டாளரின் மின்கையொப்பம் இருப்பின் அதனையும் சோதித்தல் நன்று. எம்.டி.5 என்னும் பழைய முறையில், வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே தொகை வரச் செய்யலாம் என்பது 2004இலேயே காட்டப்பட்டது. அதனை நம்புதல் தகாது.

பிழையான ஏடு ஒன்றிலிருந்து எழுதப்பட்ட பிரதிகள் யாவும் அப்பிழையைச் சுமந்தன. பாடசாலையின் ஒரு கோப்பும் அத்தகையதே. பதிவதற்கு முன் செலவிடும் சில நிமிடங்கள், பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பைக் காக்கும்.